61 சிக்னி: பக்கத்து வீட்டு ஆரஞ்சு விண்மீன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

61 சிக்னி என்றால் என்ன?

அன்னத் தொகுதியில், அதாவது சிக்னஸில், இருக்கும் ஒரு மங்கலான விண்மீன். வெறும் கண்ணால் பார்த்தால், அதுவும் நல்ல இருட்டில் பார்த்தால், ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். சிறிய தொலைநோக்கியைத் திருப்பினால் அது ஒன்றல்ல இரண்டு என்று தெரியும். இரண்டுமே ஆரஞ்சு நிறம், இரண்டுமே சூரியனை விடச் சிறியவை. நம்மிடமிருந்து 11.4 ஒளியாண்டு தூரத்தில், கிட்டத்தட்ட அண்டை வீட்டில், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. சூரியனுக்கு அப்பால் ஒரு விண்மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனிதன் நம்பும்படி முதன்முதலாக அளந்து சொன்னது இதை வைத்துத்தான். இத்தனை நீளமாக எழுத எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

பெயரில் ஏன் எண் இருக்கிறது?

பிரகாசமான விண்மீன்களுக்கு அரபுப் பெயர்களும் கிரேக்க எழுத்துகளும் கிடைத்தன. மங்கலானவற்றுக்கு எண்தான். இங்கிலாந்தின் ஜான் ஃபிளாம்ஸ்டீட் தயாரித்த பட்டியலை வைத்துத் தொகுதிவாரியாக எண் போட்டார்கள். அன்னத் தொகுதியில் இதற்குக் கிடைத்தது 61. ஏ, பி என்பவை அதில் உள்ள இரண்டு விண்மீன்கள்.

11.4 ஒளியாண்டு என்பது பக்கமா, தூரமா?

விண்மீன் கணக்கில் ரொம்பப் பக்கம். நம் கணக்கில் சுமார் 108 லட்சம் கோடி கிலோமீட்டர். அந்த எண்ணை எத்தனை தடவை படித்தாலும் மனதில் ஒன்றும் பதியாது, அதனால் நான் எப்போதும் மிளகை எடுத்துக்கொள்வேன்.

சூரியனை 4 மில்லிமீட்டர் மிளகு என்று வைத்துச் சென்னையில் ஒரு மேசையில் போடுங்கள். பூமி அதிலிருந்து 43 சென்டிமீட்டர் தள்ளி, கண்ணுக்கே தெரியாத ஒரு தூசு. இந்த அளவில் 61 சிக்னி எங்கே இருக்கும் தெரியுமா? திருச்சியில், நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே மிளகை விடச் சிறிய இரண்டு மணிகள், ஒன்றுக்கொன்று சராசரியாக 36 மீட்டர் தள்ளி. சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவில் பெரும்பாலும் வெறுமை. சூரியனின் அக்கம்பக்கம் என்று சொல்வது இதைத்தான்.

வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அது இந்தத் திசையில் போகவில்லை, போயிருந்தாலும் சென்றடைய 2 லட்சம் ஆண்டு ஆகும்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் மங்கல்?

ஒளி கம்மி, அதுதான் காரணம். ஏ விண்மீன் சூரியன் கொடுக்கும் ஆற்றலில் 15 சதவீதம் கொடுக்கிறது, பி 8 அல்லது 9 சதவீதம். நம் கண்ணுக்கு எட்டும்போது ஒளிப்பொலிவு எண் 5.2, 6.0 என்று ஆகிறது. (எண் கூடக்கூட மங்கல் என்று அர்த்தம், வெறும் கண்ணின் எல்லை ஏறக்குறைய 6.) இரண்டின் ஒளியும் சேர்ந்துதான் 4.8.

அதே அன்னத்தின் வாலில் டெனெப் பளபளவென்று மின்னுகிறது, ஆனால் அது இருப்பது ஆயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால். பளிச்சென்று தெரிவதெல்லாம் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்தால் வானம் நம்மை நன்றாக ஏமாற்றிவிடும். 1800களின் தொடக்கத்தில் பெரிய பெரிய வானியலாளர்களே அப்படித்தான் நினைத்துப் பிரகாசமான விண்மீன்களைத் துரத்தினார்கள்.

ஏன் ஆரஞ்சு நிறம்?

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,770 கெல்வின். இங்கே ஏ-வுக்கு 4,400-ஐ ஒட்டி, பி-க்கு 4,000-ஐ ஒட்டி. கொல்லன் உலையில் இரும்பு ஆறும்போது வெளுப்பிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று இறங்கும் அல்லவா, அதே கதைதான். வானியலில் இவற்றைக் கே வகை என்பார்கள். 1943-லிருந்து 61 சிக்னி ஏ-தான் கே5 வகைக்கு முன்மாதிரி, பி கே7-க்கு. மற்ற விண்மீன்களை வகைப்படுத்தும்போது இந்த இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆரஞ்சுக் குறுமீன்கள் சிக்கனமானவை. எரிபொருளை மெல்ல மெல்லத்தான் செலவழிக்கும். சூரியனுக்கு மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு என்றால் இவற்றுக்கு அதைப் போல் சில மடங்கு. ஏ-வில் சூரியனைப் போலவே காந்தச் சுழற்சியும் இருக்கிறது. சூரியனுக்கு 11 ஆண்டு, இதற்குச் சுமார் 7. அந்தச் சுழற்சியில் சூரியனில் நடப்பது போலவே காந்தப்புலம் தலைகீழாக மாறுவதையும் பார்த்திருக்கிறார்கள். தூரத்தில் இருக்கும் ஒரு புள்ளியில் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

"பறக்கும் விண்மீன்" என்று ஏன் சொல்கிறார்கள்?

சிசிலித் தீவில் பலெர்மோவில் இருந்த ஜுசெப்பே பியாஸி வைத்த பெயர். 1801 ஜனவரி 1-ஆம் தேதி சீரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகளை ஒப்பிட்டபோது 61 சிக்னி மற்ற விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறுவதை 1804-இல் கவனித்தார். ஆண்டுக்கு 5.2 விகலை. (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. பஞ்சாங்கத்தில் பார்த்திருப்பீர்கள்.) முழுநிலவின் அகலத்தைக் கடக்க 350 ஆண்டு ஆகும். இதையா பறப்பது என்கிறீர்கள் என்று கேட்கலாம். ஆனால் மற்ற விண்மீன்கள் பெரும்பாலும் ஆணி அடித்தது போல் நிற்கும்போது இது ஓட்டம்தான்.

பேருந்து ஜன்னலில் பக்கத்துப் புளியமரம் சரேலென்று பின்னால் போகும், தூரத்து மலை அசையவே அசையாது. வானத்தில் வேகமாக நகர்வதும் அப்படிப் பக்கத்தில் இருப்பதாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு ஊகத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜெர்மானிய வானியலாளர் ஃபிரீட்ரிஷ் பெஸ்ஸல் இதன் தூரத்தை அளக்க இறங்கினார்.

தூரத்தை எப்படி அளக்க முடியும்? யாரும் போய்ப் பார்க்கவில்லையே?

கையை நீட்டி, கட்டை விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை. விரல் பின்னால் இருக்கும் சுவரில் இடம் மாறித் தெரியும். இதுதான் இடமாறு தோற்றம். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஜனவரியில் ஒரு பக்கம், ஜூலையில் மறுபக்கம், நடுவில் 30 கோடி கிலோமீட்டர். அதுதான் நம் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரம். பக்கத்து விண்மீன் பின்னணி விண்மீன்களுக்கு முன்னால் ஆண்டுக்கு ஒரு தடவை இப்படியும் அப்படியும் ஆடிக் காட்ட வேண்டும்.

காட்ட வேண்டும், ஆனால் காட்டவில்லை. கோப்பர்நிக்கஸ் பூமி சுற்றுகிறது என்று சொன்ன காலத்திலிருந்தே, அப்படியானால் விண்மீன்கள் ஏன் ஆடவில்லை என்பது கேள்வியாக இருந்தது. டைக்கோ பிராஹே பூமி நகரவில்லை என்று நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஜேம்ஸ் பிராட்லி 1720களில் இதைத் தேடப் போய், பூமியின் ஓட்டத்தால் ஒளி வரும் திசை சாய்ந்து தெரிகிறது என்பதைக் கண்டுபிடித்தார். பூமி நகர்கிறது என்பதற்கு அது நல்ல சான்று, ஆனால் தூரம் மட்டும் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் ஆட்டத்தின் சிறுமை. 61 சிக்னியின் கோணம் 0.286 விகலை. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை 18 கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. காற்றில் விண்மீன் நடுங்குவதே இதை விடப் பல மடங்கு அதிகம்.

பெஸ்ஸல் எப்படி அளந்தார்?

முதலில் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. பெஸ்ஸல் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர் இல்லை. பிரெமன் நகரில் ஒரு வணிக நிறுவனத்தில் பதின்வயதில் எழுத்தர் பயிற்சிக்குச் சேர்ந்தார். கப்பல் வணிகத்துக்கு வழிநடத்தல் கணிதம் வேண்டும் என்று படிக்க ஆரம்பித்து, அங்கிருந்து வானியலுக்கு வந்தார். பிறகு கோனிக்ஸ்பெர்க் வானாய்வகத்துக்குத் தலைவரானார். அந்த ஊர் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். அந்த வானாய்வகம் இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது.

61 சிக்னியை அவர் முதலில் அளக்க முயன்றது 1815-ஐ ஒட்டி. தோல்வி. கருவி போதவில்லை. 1834-இல் மறுபடி தொடங்கினார், 1835-இல் ஹாலி வால்மீன் வந்து வேலையை இடைமறித்தது. 1837 ஆகஸ்டில் மூன்றாவது முறையாக உட்கார்ந்தார்.

இந்தத் தடவை கையில் ஹீலியோமீட்டர் இருந்தது, லென்ஸ் செய்வதில் பெயர் பெற்ற ஃபிரவுன்ஹோஃபரின் பட்டறையில் செய்தது. அதன் முகப்பு லென்ஸை நட்டநடுவில் இரண்டாக அறுத்திருப்பார்கள். யோசித்துப் பாருங்கள், பாடுபட்டுத் தேய்த்து மெருகேற்றிய 16 சென்டிமீட்டர் லென்ஸ், அதை எடுத்து அறுப்பது! அறுத்த இரண்டு பாதிகளும் தனித்தனியாகப் படம் காட்டும். திருகாணியைத் திருகினால் ஒரு பாதி மற்றதன் ஓரமாக வழுக்கிப் போகும், ஒரு விண்மீனின் படம் வேறொரு விண்மீனின் படத்தை நோக்கி நகரும். இரண்டும் பொருந்தும் இடத்தில் திருகாணியில் எண்ணைப் படித்தால் அதுதான் இடைவெளி.

இங்கே இன்னொரு அழகு இருக்கிறது. 61 சிக்னி இரட்டை என்பதால் ஒப்பிட வேண்டிய மங்கலான விண்மீனைக் கொண்டுவந்து சரியாக இரட்டையின் நடுவில் நிறுத்தலாம். இரண்டு புள்ளிகளுக்கு நடு மையம் எது என்பதை மனிதக் கண் பிரமாதமாகச் சொல்லும். ஒரு புள்ளியின் மேல் இன்னொரு புள்ளியை வைப்பதை விட இது துல்லியம். அதோடு கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து பார்த்தால் இந்த விண்மீன் மறைவதே இல்லை, கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க அளக்கலாம். சுற்றிலும் ஒப்பிடச் சிறிய விண்மீன்களும் நிறைய. அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார்.

அப்புறம் வெறும் பொறுமை. ஓர் இரவில் ஒரே அளவைப் பெரும்பாலும் 16 தடவை எடுத்தார், காற்று நன்றாக இருந்தால் இன்னும் கூடுதலாக. 1838 அக்டோபர் வரை ஓராண்டுக்கும் மேலாக இப்படி. வெயிலுக்கும் குளிருக்கும் கருவி நீள்வதும் சுருங்குவதும் உண்டு, அதற்கும் திருத்தம் போட்டார். விடை 0.314 விகலை. தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியைப் போல் சுமார் 6,57,700 மடங்கு. ஒளி வந்து சேர 10 ஆண்டுக்குச் சற்று மேல். இங்கிலாந்தில் இருந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதம் எழுதிச் சொன்னார்.

பெஸ்ஸல்தான் முதல் ஆள் என்பது சரியா? வேறு பெயர்களும் கேள்விப்பட்டிருக்கிறேனே.

நியாயமான கேள்வி. தாமஸ் ஹெண்டர்சன் நன்னம்பிக்கை முனையில் 1832, 1833-இலேயே ஆல்பா சென்டாரியை அளந்துவிட்டார். ஆனால் கணக்கை முடித்து வெளியிட்டது 1839-இல். வில்ஹெல்ம் ஸ்ட்ரூவே 1837-இல் வேகா என்ற பிரகாசமான விண்மீனுக்கு 0.125 விகலை என்றார். இன்றைய மதிப்பு 0.13, அதாவது அருமையான அளவு. ஆனால் அவரே சில ஆண்டில் அதை 0.26 என்று மாற்றினார், அதனால் முதல் எண்ணை யாரும் நம்பவில்லை. பெஸ்ஸல் வெளியிட்டது மட்டும் அளவுகளோடும், பிழை எவ்வளவு இருக்கலாம் என்ற கணக்கோடும் வந்தது. படித்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள். என் கருத்தைக் கேட்டால் மூவருக்கும் பங்கு உண்டு, ஆனால் எதை அளப்பது என்று சரியாகத் தேர்ந்தெடுத்ததில் பெஸ்ஸல் ஒரு படி மேல். பிரகாசத்தைப் பார்க்காமல் நகர்வைப் பார்த்தார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி?

இன்றைய மதிப்பு 0.286. அவருடையது 0.314. பத்து சதவீதம்தான் வித்தியாசம். கணினி இல்லை, புகைப்படத் தகடு இல்லை, ஒரு மனிதன், ஒரு திருகாணி. பிற்பாடு ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளும் கையா செயற்கைக்கோளும் வந்தன. கையாவின் பட்டியலில் 180 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன, அதுவும் அடிப்படையில் செய்தது இதே கட்டை விரல் வேலைதான்.

இரண்டும் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றனவா?

ஆமாம். பிராட்லி 1753-இல் இதை இரட்டை என்று பதிவு செய்தபோது இடைவெளி சுமார் 20 விகலை, இன்று 32-ஐ ஒட்டி. ஒரு சுற்றுக்கு 650 ஆண்டுக்கும் மேல் ஆகும், ஆகவே பிராட்லி பார்த்ததிலிருந்து இன்னும் பாதிச் சுற்று கூட முடியவில்லை. நீள்வட்டப் பாதை, சராசரியாக பூமி சூரியன் தூரத்தைப் போல் 84 மடங்கு இடைவெளி.

கோள்கள் இருக்கின்றனவா? ஏதோ படித்த ஞாபகம்.

1940களில் காய் ஸ்ட்ராண்ட் என்பவர் இந்த இரட்டையின் நகர்வில் ஒரு தள்ளாட்டம் தெரிவதாகவும், வியாழனை விடப் பெரிய ஒன்று மறைந்திருப்பதாகவும் சொன்னார். சோவியத் பக்கமிருந்தும் பின்னால் அப்படிச் சொன்னார்கள். பழைய நூல்களில் இது உண்மை போலவே இருக்கும், அதுதான் உங்களுக்கு ஞாபகம் வருகிறது. பிற்கால அளவீடுகளில் அது நிற்கவில்லை. இன்றுவரை உறுதியான கோள் எதுவும் இல்லை.

ஒருவேளை சின்னதாக ஒன்று இருந்தால்? பூமிக்குக் கிடைக்கும் அளவு வெளிச்சம் வேண்டுமென்றால் அது ஏ-வை நம் புதன் சூரியனைச் சுற்றும் தூரத்தில் சுற்ற வேண்டும், ஓர் ஆண்டு 106 நாளில் முடிந்துவிடும். அங்கிருந்து பார்த்தால் பி ஒரு புள்ளியாக, ஆனால் நம் முழுநிலவைப் போல் இரண்டு மடங்கு வெளிச்சத்தோடு ஆரஞ்சாக நிற்கும். சில வாரம் இரவில், சில வாரம் பகலில். அந்த வானத்தை அடிக்கடி மனதில் வரைந்து பார்ப்பேன். நம் சூரியன் அங்கே வேலா தொகுதிப் பக்கம், நம் துருவ விண்மீனை விடச் சற்று மங்கலாக ஒரு சாதாரண விண்மீன்.

நம்மை நோக்கி வருகிறதாமே, மோதுமா?

நொடிக்கு சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவது உண்மை. ஆனால் பக்கவாட்டில் 87 கிலோமீட்டர் வேகத்தில் விலகவும் செய்கிறது. இன்னும் சுமார் 20,000 ஆண்டில் 9 ஒளியாண்டு அளவுக்கு வந்து, பிறகு தள்ளிப் போய்விடும். மோதாது.

எப்படிப் பார்ப்பது?

செப்டம்பர் கடைசியில் இரவு 9 மணிக்கு, அக்டோபரில் இன்னும் முன்னதாக, வடக்கே பார்த்து நில்லுங்கள். சென்னையிலிருந்து இது 64 பாகை உயரத்தில் இருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 61. மழைக்காலம் நெருங்கும் நேரம், மேகம் விலகும் இரவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

அன்னம் ஒரு சிலுவை போலத் தெரியும். வாலில் டெனெப், நடுவில் சதிர். இரண்டு இறக்கைகளில் உங்கள் உச்சந்தலைப் பக்கமாக இருப்பதில் கீனா. டெனெப், சதிர், கீனா மூன்றையும் ஓர் இணைகரத்தின் மூன்று மூலைகளாக வைத்துக்கொள்ளுங்கள். சதிருக்கு எதிர் மூலை எங்கே வருகிறதோ அங்கேதான் 61 சிக்னி. ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாக வரும்.

நகரத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாது, முயல வேண்டாம். 10x50 பைனாகுலர் போதும், ஆனால் கை நடுங்கக் கூடாது. நான் முதல் தடவை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு புள்ளி, ஒரு புள்ளி, திடீரென்று இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், நல்லெண்ணெய் விளக்கின் சுடர் நிறத்தில். முக்காலி இருந்தால் சுலபம். தொலைநோக்கியில் 30 மடங்கு உருப்பெருக்கமே தாராளம்.

அது நகர்வதை நானே பார்க்க முடியுமா?

முடியும், இதைத்தான் எல்லாரிடமும் செய்யச் சொல்கிறேன். தொலைநோக்கியில் கேமராவோ போனோ பொருத்தி ஒரு படம் எடுங்கள், பின்னணியில் சின்ன விண்மீன்கள் விழுந்திருக்க வேண்டும். தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் எடுங்கள். ஆண்டுக்கு 5.2 விகலை, ஏ-க்கும் பி-க்கும் இடைவெளி 32. ஆகவே ஆறு ஆண்டில் இந்த ஜோடி தன் சொந்த இடைவெளி அளவுக்கு வடகிழக்கே போயிருக்கும். அளவுகோல் படத்திலேயே இருக்கிறது, வேறு எதுவும் தேவையில்லை. முதல் படத்தையும் ஏழாவது படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். மற்றவையெல்லாம் அப்படியே நிற்க, இவை இரண்டு மட்டும் சேர்ந்து ஓர் எட்டு எடுத்து வைத்திருக்கும்.